கால் பெருவிரல் புடைப்புக்கு அறுவை சிகிச்சை தேவையா? வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இந்தப் புடைப்பு உண்டு. 68 வயதான அம்மாவுக்கு வலது காலின் பெருவிரல் இரண்டாம் விரலின் மேல் ஏறும் அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளராக இருக்கும் அக்காவுக்கு அதில் பாதிச் சாய்வுதான். ஆனாலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அக்கா, அம்மா செய்துகொள்ளவில்லை. இரண்டு முடிவுகளும் சரியானவை என்று இன்றும் நினைக்கிறேன். பார்வைக்குக் கால் எப்படி இருக்கிறது என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பதை நாங்கள் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் மற்றவர்களுக்குக் குறையட்டும் என்பதற்காக, எந்த வரிசையில் எதைச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். மருத்துவர்கள் சீட்டில் 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்று எழுதுவார்கள். பேச்சில் 'பனியன்' என்பார்கள். உள்சட்டைக்கும் அதே சொல் நம்மிடம் இருப்பதால் கேட்பவர்கள் குழம்பிப்போகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் பெருவிரல் புடைப்பு என்றே எழுதுகிறேன். மருத்துவமனையில் கேட்கும்போது மட்டும் மருத்துவப் பெயரைச் சொல்லுங்கள்.

முதற்படி: அது இந்தப் புடைப்புதானா?

பாதத்தின் முதல் நீள எலும்பு உள்பக்கமாக விலகி, அதன் நுனியில் உள்ள பெருவிரல் எதிர்ப்பக்கமாகச் சாயும்போது, இரண்டும் சேரும் மூட்டு வெளியே துருத்துகிறது. அதுதான் இந்தப் புடைப்பு. புதிதாக எலும்பு எதுவும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. இருந்த எலும்பு இடம் மாறியிருக்கிறது. இதை மனத்தில் வாங்கிக்கொள்வது மிகவும் முக்கியம், ஏனென்றால் "அந்தக் கட்டியை மட்டும் சீவி எடுத்துவிட முடியாதா டாக்டர்?" என்பதுதான் அநேகமாக எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சாய்வைத் திருத்தாமல் துருத்திய முனையை மட்டும் சீவினால், சாய்வு அப்படியே நின்று புடைப்பு மீண்டும் தோன்றுவதற்கு வாய்ப்பு அதிகம்.

கால் ஆணி வேறு, இது வேறு. கால் ஆணி என்பது அழுத்தத்தால் தோல் தடித்துப்போவது. மருந்துக் கடையில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்திரியில் தோலை அரிக்கும் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அதைப் புடைப்பின் மேல் ஒட்டினால் புடைப்பு கரையாது. மேலே உள்ள மெல்லிய தோல்தான் வெந்து புண்ணாகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சிறிய புண்ணே காலுக்கு ஆபத்தாக முடியலாம். பிளேடால் சீவிக்கொள்வதும் அப்படித்தான்.

இரவு நன்றாகத் தூங்கியவருக்கு விடியற்காலையில் பெருவிரல் மூட்டு சிவந்து, சூடாகி, போர்வை பட்டாலே உயிர் போகும் வலி வந்தால் அது பெரும்பாலும் யூரிக் அமிலம் படிவதால் வரும் கவுட் எனப்படும் மூட்டுவலி. அதற்குச் சிகிச்சை மருந்துதான். விரல் நேராகவே இருந்து, மேல்நோக்கி மடங்க மறுத்தால் அது மூட்டுத் தேய்மானம். கை விரல்களிலும் காலையில் நெடுநேரம் விறைப்பு இருந்தால் முடக்குவாதம் உண்டா என்று வாதநோய் மருத்துவரிடம் பார்த்துவிட்டுத்தான் காலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இரண்டாம் படி: வலியை எழுதிவையுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரு பழைய டைரியில் எழுதுங்கள். எந்த நேரத்தில் வலித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எந்தச் செருப்பு காலில் இருந்தது, வலியால் எந்த வேலையை விட்டீர்கள் என்பது போதும். அக்காவின் டைரியில், 'மதியம் மூன்று மணிக்கு மேல் இரண்டாம் விரலுக்குக் கீழே கூழாங்கல்லை மிதித்தது போல் எரிச்சல்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. பெருவிரல் தன் பங்குச் சுமையைத் தாங்காமல் போனதால் பக்கத்து விரல்களின் அடிப்பாகம் அந்தச் சுமையை வாங்குகிறது என்று மருத்துவர் பின்னால் விளக்கியபோது, அந்த ஒரு வரிதான் அவருக்கு மிகவும் உதவியது. அம்மாவின் டைரியோ பெரும்பாலும் காலியாக இருந்தது. கல்யாணத்துக்குப் போட்ட புதுச் செருப்பு உறுத்திய ஒரு நாளைத் தவிர அவருக்கு வலி என்று எதுவும் இல்லை.

வலி இல்லாத புடைப்புக்கு, அழகுக்காகவோ பிற்காலத்தில் மோசமாகிவிடுமோ என்ற பயத்துக்காகவோ கத்தி வைப்பதை அனுபவமுள்ள எலும்பு மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. நன்றாக நடந்துகொண்டிருக்கும் காலில் கைவைத்து, முன்பு இல்லாத வலியை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கும் பொதுவாகக் காத்திருக்கச் சொல்வார்கள்.

மூன்றாம் படி: செருப்பை மாற்றிப் பாருங்கள்

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மேல் வெறுங்காலோடு இரண்டு கால்களிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள். வேறு ஒருவர் பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடட்டும். பிறகு தினமும் போடும் ஷூவை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். அக்கா கடைக்குப் போட்டுச் சென்ற கறுப்பு ஷூவை வைத்தபோது, பாதத்தின் கோடு இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகளாக அந்தக் காலை அந்த ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

முன்பக்கம் அகலமாகவும், மேல்தோல் மென்மையாகவும், குதி உயரம் குறைவாகவும், அடிப்பாகம் வளைந்து நொறுங்காமலும் இருக்கும் காலணி வேண்டும். பெரியமேட்டில் தோல் வியாபாரமும் ஷூக் கடைகளும் நெருங்கியிருப்பதால், தாளில் எடுத்த அளவைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் அகல அளவில் தேடிக் கொடுப்பவர்களும், புடைப்பு படும் இடத்தில் மட்டும் தோலை இளக்கிக் கொடுப்பவர்களும் கிடைப்பார்கள். ரப்பர் செருப்பு அகலமாகத்தான் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். ஆனால் அந்த வார் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே புடைப்பை ஒட்டிச் செல்வதால் உராய்கிறது. செருப்பைப் பிடித்துக்கொள்வதற்கு விரல்களை இறுக்கவும் வேண்டியிருக்கிறது. பின்வார் உள்ள அகலமான சாண்டல் மேல்.

விரல்களுக்கு நடுவே வைக்கும் சிலிக்கான் துண்டு, புடைப்பின் மேல் ஒட்டும் மெத்தை, பாதத்துக்கேற்ற உள்தட்டு ஆகியவை வலியைக் குறைக்கக்கூடும். பெரியவர்களுக்கு அவை எலும்பை நேராக்காது. இரவில் கட்டிக்கொண்டு படுக்கும் பட்டையும் அப்படியே. 'புத்தூர் கட்டு' என்ற பலகை நம் பக்கத்துச் சாலைகளில் பார்க்கும் இடமெல்லாம் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிவுக்குப் போடும் கட்டால், பல ஆண்டுகளாக விலகிய மூட்டைத் திருத்த முடியாது. இறுக்கமாகக் கட்டினால் இரத்த ஓட்டம் கெடும் என்ற கவலையும் இருக்கிறது.

காலணி மாற்றத்துக்கு மூன்று மாதமாவது கொடுங்கள். அம்மாவின் கதை இந்தப் படியிலேயே முடிந்துவிட்டது. அகலமான சாண்டல் வாங்கிக் கொடுத்தோம்; அதைப் போட்டுக்கொண்டு தினமும் மார்க்கெட்டுக்கு நடந்து போய் வருகிறார்.

நான்காம் படி: கால் கத்தியைத் தாங்குமா?

காலணி மாற்றியும் வலி வாழ்க்கையைத் தடுக்கிறது என்றால், அறுவை மருத்துவரைத் தேடுவதற்கு முன்பே சில பரிசோதனைகளை முடித்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை, பாதத்தில் நாடித்துடிப்பு தெரிகிறதா என்ற சோதனை, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஆகிய மூன்றும் அவசியம். இரத்த ஓட்டம் குறைந்த காலில் காயம் ஆறாது. உணர்ச்சி குறைந்த காலில் கட்டு இறுக்குவதுகூடத் தெரியாது. ராயபுரத்தில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-இல் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனை பாதப் பராமரிப்புக்குப் பெயர் பெற்றது. அரசு மருத்துவமனைகளின் நீரிழிவுப் பிரிவுகளிலும் இந்தச் சோதனைகளைக் கேட்கலாம்.

புகை பிடிப்பவருக்கு வெட்டிய எலும்பு கூடுவது தாமதமாகும். ஆகவே அறுவைக்குப் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, கருத்தடை மாத்திரை, முன்பு காலில் இரத்தக்கட்டி வந்தது போன்ற எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: நின்றபடி எக்ஸ்ரே

எங்களுக்கு நேர்ந்த தவறு இங்கேதான். நாங்கள் முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில் அக்காவைப் படுக்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அக்காவின் காலைத் தொடாமலேயே, "வியாழக்கிழமை பண்ணிடலாம், முன்பணம் கட்டிட்டுப் போங்க" என்றார். உள்ளே போய் வெளியே வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நல்லவேளையாக அன்று கையில் பணம் இல்லை.

இந்தப் புடைப்புக்கு எக்ஸ்ரே என்றால், நோயாளி தன் முழு எடையையும் காலில் போட்டு நிற்கும்போது எடுத்த எக்ஸ்ரேதான் கணக்கு. படுத்திருக்கும்போது பாதம் விரிவதில்லை. ஆகவே சாய்வு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். நின்றபடி எடுத்த படத்தில் இரண்டு கோணங்களை அளப்பார்கள். பெருவிரல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ஒன்று. அது 15 பாகைக்குள் இருந்தால் இயல்பு, 40 பாகையைத் தாண்டினால் கடுமை. பாதத்தின் முதல் நீள எலும்பும் இரண்டாம் நீள எலும்பும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது மற்றொன்று. அது சுமார் 9 பாகைக்குள் இருக்க வேண்டும். "என் கோணம் எவ்வளவு டாக்டர்?" என்று கேளுங்கள். அளந்து சொல்லுபவரிடம் மேற்கொண்டு பேசலாம். அளக்காமலேயே அறுவைக்கு நாள் குறிப்பவரிடமிருந்து படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தப் படம் உங்களுடையது.

ஆறாம் படி: எந்த அறுவை, உங்கள் வாழ்க்கைக்கு அது பொருந்துமா?

இதற்கென்று ஒரே ஒரு அறுவை கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. நடைமுறையில் அவற்றைச் சில வகைகளாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். சாய்வு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், நீள எலும்பின் நுனிப்பக்கத்தில் 'வி' வடிவில் வெட்டி நகர்த்தும் செவ்ரான் முறையையோ, எலும்பின் தண்டில் 'இசட்' வடிவில் வெட்டி நகர்த்தும் ஸ்கார்ஃப் முறையையோ செய்து ஸ்க்ரூ போடுவார்கள். விரல் எலும்பிலும் சாய்வு இருந்தால் ஏக்கின் எனப்படும் சிறு வெட்டையும் சேர்த்துக்கொள்வார்கள். விலகல் அதிகமாகி, பாதத்தின் நடுவிலுள்ள மூட்டு தளர்ந்திருந்தால் அந்த மூட்டையே ஒட்டவைக்கும் லாபிடஸ் முறை. பெருவிரல் மூட்டே தேய்ந்துபோயிருந்தால் அந்த மூட்டை இணைத்து அசையாமல் செய்துவிடுவது. இவற்றில் சிலவற்றைச் சிறு துளைகள் வழியாகவும் செய்கிறார்கள். தழும்பு சிறிதாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் உள்ளே எலும்பை வெட்டுவது வெட்டுவதுதான். அது கூடுவதற்கான காலம் குறைந்துவிடாது.

வெளிநாட்டு விளக்க நூல்கள் பேசாத ஒரு கேள்வி நமக்கு இருக்கிறது. நீங்கள் தரையில் எப்படி உட்காருகிறீர்கள்? இந்தியன் டாய்லெட்டில் குதிகால் தரையில் படிய உட்காருபவர்கள் ஒரு வகை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு, முழு எடையையும் முன்பாதத்தில் போட்டு, பெருவிரலை நன்றாக மடக்கி உட்காருபவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினருக்குப் பெருவிரல் மூட்டை இணைத்துவிட்டால் அந்த இருப்பு இனி வராது. தொழுகையின் இருப்பில் வலது கால் விரல்களை மடக்கி ஊன்றுபவர்களும், தேவாலயத்தில் முழந்தாளிட்டு நெடுநேரம் இருப்பவர்களும், காசிமேட்டில் குத்துக்காலிட்டு மீன் ஆய்பவர்களும் இதை வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். மூட்டை விட்டுவைக்கும் அறுவைகளிலும் விரல் ஓரளவு விறைத்துப்போவதுண்டு. ஆகவே எவ்வளவு மடக்கம் மிஞ்சும் என்று எல்லோருமே கேட்பது நல்லது.

பின்னாளில் அக்காவுக்கு அறுவை செய்த மருத்துவர், முதல் நாளே, "அம்மா, வீட்ல எப்படி உட்காருவீங்களோ அப்படியே இங்க உட்கார்ந்து காட்டுங்க" என்றார். அக்கா புடவையை இடுக்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மருத்துவர் தானும் கீழே குனிந்து, அக்காவின் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே தன் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தார். பிறகு இரண்டாம் விரலின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்த, அக்கா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவர் எக்ஸ்ரேயைக் கேட்டார். எந்த மருத்துவரிடம் செய்துகொள்வது என்ற கேள்வி எங்களுக்கு அந்த அறையிலேயே தீர்ந்துவிட்டது.

ஏழாம் படி: அறுவை மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது

இதைச் செய்பவர் எலும்பு அறுவை மருத்துவராக, அதாவது எம்.எஸ். ஆர்த்தோ அல்லது டி.என்.பி. ஆர்த்தோ போன்ற பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். அதற்கு மேல் பாதம், கணுக்கால் துறையில் தனிப் பயிற்சி பெற்றவராக இருந்தால் மிகவும் நல்லது. முழங்கால் மாற்று அறுவையில் பெரும்பெயர் எடுத்தவர் என்பதாலேயே ஒருவருக்குப் பெருவிரலில் கை பழகியிருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. மருந்துச்சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டிலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ அதைச் சரிபார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், ஏனென்றால் உள்ளே போனதும் பாதி மறந்துவிடும். இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், என் காலுக்கு ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள், கத்தியைப் பிடிக்கப்போவது நீங்களா அல்லது உங்கள் உதவியாளரா, கணுக்காலில் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவீர்களா அல்லது முதுகிலா, எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது, திரும்ப வந்துவிட்டால் என்ன செய்வோம் என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இவற்றையெல்லாம்விட நான் அதிகமாக மதிக்கும் கேள்வி ஒன்று உண்டு: "நான் இதைச் செய்துகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?" இதற்குப் பொறுமையாக, பயமுறுத்தாமல் பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம். "நூறு சதவீதம் சரியாயிடும்" என்பவரை நம்பாதீர்கள். "இரண்டு காலையும் ஒரே நாளில் முடிச்சிடலாம்" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், ஊன்ற ஒரு கால்கூட இல்லாமல் வீட்டில் எப்படி நடமாடுவது என்று திருப்பிக் கேளுங்கள்.

அவசரம் இல்லாத அறுவை இது. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. முதல் மருத்துவர் அதனால் வருத்தப்படுவார் என்ற தயக்கம் வேண்டாம்.

எங்கே போவது, செலவு என்ன?

நம் பகுதியில் பழைய சிறைச்சாலை சாலையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுதான் பக்கத்தில் இருக்கிறது. சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச். எனப்படும் அரசு பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கத்தில் கே.எம்.சி. எனப்படும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவையும் உண்டு. ரயில்வே ஊழியர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை, இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை என்ற வழிகளும் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதால், திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு சென்ட்ரல் வரை படி ஏறாமல் லிஃப்டிலேயே வந்து போக முடிகிறது. கட்டுப் போட்ட காலோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போக வேண்டும். விபத்தில் எலும்பு முறிந்து வருபவர்களுக்கே அறுவை அரங்கில் முதலிடம் என்பதால் உங்கள் நாள் தள்ளிப்போகலாம். அதைக் குறையாக எண்ண வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட அந்தக் குறிப்பிட்ட அறுவை திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் அட்டையைக் காட்டி, நாள் குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தனியாரில் செய்வதென்றால் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஸ்க்ரூவின் விலை, மயக்க மருத்துவர் கட்டணம், அறைவாடகை, அறுவைக்குப் பிறகு போடும் தனிக் காலணி, கட்டு மாற்றும் நாள்கள், பிறகு எடுக்கும் எக்ஸ்ரேக்கள் ஆகியவை அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தனியார் காப்பீடு வைத்திருந்தால் காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று பாலிசியில் பாருங்கள். அழகுக்கான அறுவை என்று சொல்லி நிராகரிக்காமலிருக்க, வலி, நடக்க முடியாமை, செய்துபார்த்த பிற சிகிச்சைகள் ஆகியவற்றை மருத்துவரின் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். இரண்டு வாரம் எழுதிய டைரி இங்கேயும் உதவும்.

எட்டாம் படி: நாளையும் வீட்டையும் தயார் செய்தல்

ஐப்பசி, கார்த்திகையில் இந்த அறுவையை வைத்துக்கொள்ளாதீர்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதல்ல. தையல் பிரிக்காத காலோடு அந்தத் தண்ணீரில் இறங்கி மருத்துவமனைக்குப் போக முடியாது. அக்காவுக்குத் தை மாதம் பிறந்ததும் நாள் குறித்தோம்.

வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் அதன் மேல் வைக்கும் கமோடு நாற்காலியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மாடியில் குடியிருப்பவர்கள் முதல் இரண்டு வாரம் கீழ்த்தளத்தில் உறவினர் வீட்டில் இருக்க முடியுமா என்று பாருங்கள். மெட்டியை முன்பே கழற்றிவிடுங்கள், ஏனென்றால் வீக்கம் வந்த பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு வாரம், சாப்பிடவும் கழிப்பறைக்குப் போகவும் எழுவதைத் தவிர, கால் நெஞ்சுக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். தலையணை ஒன்று போதாது. இரண்டு மூன்று அடுக்க வேண்டும். சுமார் இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ஏறத்தாழ ஆறு வாரம் வரை, குதிகாலில் எடை விழும்படி செய்த தனிக் காலணியோடுதான் நடமாட்டம். லாபிடஸ் போன்ற இணைப்பு அறுவைகளில் சில வாரங்கள் காலை ஊன்றவே விடமாட்டார்கள். வலது காலில் செய்துகொண்டவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் வரை வண்டி ஓட்ட முடியாது. உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சில வாரங்களில் திரும்பலாம். நாள் முழுதும் நிற்கும் வேலைக்கு இரண்டு மூன்று மாதமாவது ஆகும். மாலை நேர வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட நீடிக்கும். இதை யாரும் முன்பே சொல்லாததால்தான் பலர் மூன்றாம் மாதத்தில் ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று பயந்துபோகிறார்கள்.

கடையில் நிற்பவர்களுக்கு ஒரு செய்தி. பணியிடத்தில் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டிருக்கிறது. விடுப்பு கேட்கும்போதே முதலாளியிடம் இதைப் பற்றியும் மரியாதையாகப் பேசிவிடுங்கள். அக்கா திரும்பி வந்த நாளில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். மூன்று மாதம் அங்கேயே உட்கார்ந்து புடவை மடித்தார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

சம்மதப் படிவத்தில் எழுதியிருப்பவை வெறும் சம்பிரதாயம் அல்ல. காயத்தில் சீழ், விரலின் ஓரத்தில் மரமரப்பு, மூட்டு விறைப்பு, எலும்பு கூடாமை, ஸ்க்ரூ உறுத்துவதால் பிறகு எடுக்க நேர்வது, பக்கத்து விரல்களுக்குச் சுமை மாறி அங்கே வலிப்பது, விரல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவது, புடைப்பு மீண்டும் வருவது ஆகிய எல்லாமே நடக்கக்கூடியவை. பெரும்பாலானவர்களுக்கு வலி நன்றாகக் குறைகிறது. ஆயினும் கூர்முனை ஷூவுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்துகொள்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அக்காவுக்குப் பெருவிரலின் உள்ளோரத்தில் ஒரு சிறு பகுதி இன்னும் மரத்தே இருக்கிறது. கூழாங்கல் எரிச்சல் போய்விட்டது. எதைக் கொடுத்து எதைப் பெற்றோம் என்று அவருக்குத் தெரியும். முன்பே சொல்லப்பட்டிருந்ததால் மனக்குறை இல்லை.

வீடு திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலோ, கட்டின் வழியாகச் சீழோ துர்நாற்றமோ வந்தாலோ, மாத்திரை போட்டும் வலி நாளுக்கு நாள் ஏறினாலோ, விரல் நுனி நீலமாகவோ வெளுத்தோ போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கெண்டைக்கால் வீங்கி வலிப்பது இரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். அதோடு மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். அறுவை செய்த பிரிவின் தொலைபேசி எண்ணை வீட்டுக்கு வரும்போதே எழுதி வாங்கி, கட்டில் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள்.